நாற்பதாம் பக்கத்திலேயே பிடிபடுற ரகசியம்: கொழும்பில நடக்கிற கடத்தல் கதை பற்றி

மார்ச் 3, இரவு 9.10 | கேட்டவர்

நான் எழுதுற நாவலின்ர கதை இதுதான். வெள்ளவத்தை, 2022. ஏழு வயசுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூல் வானுக்கு நிக்கேக்க காணாமல் போகுது. ஐஞ்சு கோடி கப்பம் கேட்டு கோல் வருது. அம்மம்மா 1985இல ஒரு பிள்ளையை நெதர்லாந்துக்குத் தத்துக் குடுத்தவ. அந்தப் பிள்ளை வளர்ந்து, பழிவாங்க வந்து, பேத்தியைத் தூக்கினது எண்டு கடைசியில தெரியவருது. வாசிச்சுப் பாத்த நாலு பேரும் நாற்பதாம் பக்கத்திலேயே ஆளைச் சொல்லிப்போட்டினம். வெளிநாட்டுக்காரி வந்து இறங்கின உடனையே விளங்கிட்டுதாம். ரகசியத்தை எங்க ஒளிக்கிறது?

மார்ச் 3, இரவு 10.40 | பதில்

ஒளிக்காதேங்கோ. நாற்பதாம் பக்கத்தில பிடிக்கட்டும். ஆனா அவை பிடிச்சது பிழையா இருக்கவேணும்.

எழுபது, எண்பதுகளில இலங்கையிலயிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளையள் சுமார் 11,000 பேர். 2017இல நெதர்லாந்துத் தொலைக்காட்சி அந்தக் கோப்புகளைக் கிளறினது. அப்ப வெளியில வந்த விசயங்களில கதை எழுதுறவனுக்கு ஆகப் பெறுமதியானது ‘நடிப்புத் தாய்’. காசு வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில ‘நான்தான் பெத்தனான், மனமொத்துக் குடுக்கிறன்’ எண்டு கையெழுத்து வைச்ச பெண்கள். முப்பது வருசம் கழிச்சுப் பிள்ளை திரும்பி வந்து, கோப்பில கிடக்கிற பெயரைத் தேடிப் பிடிச்சு, கட்டிப்பிடிச்சு அழுது, பிறகு டிஎன்ஏ பாத்தால் ஒரு சம்பந்தமும் இல்லை. இது பலருக்கு நடந்திருக்கு.

அப்ப உங்கட அம்மம்மா பிள்ளையைக் குடுத்தவ இல்லை. குடுத்த மாதிரி நடிச்சவ. வாசகன் நாற்பதாம் பக்கத்தில ‘இவள்தான் மூத்த மகள்’ எண்டு பிடிப்பான். நூற்றைம்பதாம் பக்கத்தில அது உடையும்.

மார்ச் 4, காலை 6.55 | பதில்

ஐஞ்சு கோடியை உங்கட கதாநாயகன் பிள்ளையின்ர லஞ்ச் பையில கொண்டு போறானாம். கணக்குப் பாப்பம். 5000 ரூபாத் தாள் எண்டால் பத்தாயிரம் தாள், நூறு நூறாக் கட்டினால் நூறு கட்டு. ஒன்பது கிலோ வரும். புதுத் தாளெண்டால் ஸ்கூல் பையொண்டில அமத்தி அடுக்கலாம், லஞ்ச் பையில சரிவராது. ஆயிரம் ரூபாத் தாளாக் கேட்டால் ஐந்நூறு கட்டு. ஓட்டோவில பின்சீற் முழுக்கக் காசு, ஆள் எங்க இருக்கிறது?

அதோட பத்து லட்சத்துக்கு மேல காசு எடுத்தால் வங்கி மத்திய வங்கியின்ர நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை குடுக்கவேணும். 2006இல வந்த சட்டம். ஐஞ்சு கோடியை முன்கூட்டிச் சொல்லாமல் எந்தக் கிளையும் எண்ணித் தராது. சனி ஞாயிறில நடக்கிற கதையெண்டால் அந்தக் கதவும் பூட்டு.

மார்ச் 4, மதியம் 12.20 | கேட்டவர்

அப்ப கப்பத்தை எடுத்துவிடவா?

மார்ச் 4, மதியம் 12.31 | பதில்

எடுக்காதேங்கோ. காசைத்தான் எடுக்கச் சொல்லுறன். கப்பமா வேற ஒண்டைக் கேக்கட்டும். யோசிச்சு எழுதுறன்.

மார்ச் 5, இரவு 11.15 | பதில்

திகதியை முதலில சரிபண்ணுவம். ‘2022’ எண்டு மட்டும் எழுதி வைச்சிருக்கிறீங்கள். அந்த வருசம் கையில கிடைச்சும் அதைப் பாவிக்காமல் விட்டால் பாவம்.

மார்ச் 31, வியாழக்கிழமை. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் நீண்ட கிழமை அது. டீசலுக்கு வரிசை. வான் அங்கிள் பெற்றோல் செட்டில நிக்கிறார், வான் வரேல்லை. பிள்ளை ஏன் ஒன்றரை மணி வெயிலில தனிய நிண்டது எண்டு நீங்கள் நாலு பக்கம் விளக்கத் தேவையில்லை. ‘டீசல் இல்லை’ எண்டால் வாசகனுக்கு மிச்சம் ஞாபகம் வரும். அண்டிரவு மிரிஹானையில, அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவின்ர வீட்டுப் பக்கம் சனம் திரண்டுது. கொழும்பின்ர பல பொலிஸ் பிரிவுகளில ஊரடங்கு. வெள்ளிக்கிழமை அவசரகாலநிலை. சனி பின்னேரம் ஆறு மணியிலயிருந்து திங்கள் காலை ஆறு வரைக்கும் நாடு முழுக்க ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை சமூக ஊடகங்கள் முடக்கம், வட்ஸ்அப்பும் சேர்த்து.

உங்கட கடத்தல்காரர் வட்ஸ்அப்பில கதைக்கிறவை. ஞாயிறு விடிய சத்தம் நிண்டுபோகும். பிள்ளையை ஏதோ செய்துபோட்டினம் எண்டு தாய் நினைப்பா. உண்மையில அரசாங்கம் வட்ஸ்அப்பை நிப்பாட்டியிருக்கு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெடியன் விபிஎன் போட்டுக் குடுக்கிற வரைக்கும் அந்த அத்தியாயம் ஓடும். நாலு நாள் கடிகாரத்தை நாடே கட்டித் தந்திருக்கு, நீங்கள் புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

மார்ச் 6, காலை 7.30 | பதில்

பொலிசுக்குப் போற காட்சி: ‘24 மணித்தியாலம் பொறுத்து வாங்கோ’ எண்டு ஓஐசி (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) சொல்லுறதைத் தயவுசெய்து வெட்டுங்கோ. அப்பிடி ஒரு சட்டம் இல்லை. முறைப்பாட்டை உடன பதியவேணும். 119 பொலிஸ் அவசரம், 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம். தாய் இரண்டுக்கும் அடிப்பா. 24 மணித்தியாலக் கணக்கு இருக்கிறது பிடிபட்டவனுக்கு. அதுக்குள்ள நீதவானிட்டக் கொண்டுபோகவேணும் எண்டது. படங்களில ரெண்டையும் கலந்து பழகிப்போட்டினம்.

அதைவிட நல்ல தடங்கல் ஒண்டு அங்கேயே இருக்கு. வாக்குமூலம் சிங்களத்தில எழுதப்படும். தமிழில பதியச் சொல்லிக் கேக்கிற உரிமை இருக்கு. அந்த நேரம் ஆருக்கு அது ஞாபகம் வரும்? வான் உதவிக்கு நிக்கிற மனுசி பிள்ளை சொன்னதைச் சொல்லுது: ‘சின்னம்மா வந்திருக்கிறா.’ சார்ஜன் ‘புஞ்சி அம்மா’ எண்டு எழுதுறார். மொழிபெயர்ப்பாளர் திருப்பித் தமிழாக்கேக்க ‘தாயின் தங்கை’. தாய்க்குத் தங்கச்சியே இல்லை. மனுசி பொய் சொல்லுறா எண்டு பொலிஸ் முடிவெடுத்து அவவைக் குடையத் தொடங்கும். முதல் நாள் போச்சு.

மார்ச் 6, இரவு 8.05 | இன்னொருவர்

வெள்ளை வானில தூக்கினா நல்லா இருக்கும், திகில் தானா வரும்.

மார்ச் 6, இரவு 9.50 | பதில்

வேண்டாம். இஞ்ச தமிழ் வாசகனுக்கு வெள்ளை வான் எண்டால் அது வேற கதை, இன்னும் முடியாத கதை. அதில கடத்திக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு தாய்மார் இண்டைக்கும் தெருவில இருக்கினம். உங்கட கதைக்கு அது ஒரு நிறம். வாசகன் அந்த இடத்தில புத்தகத்தை விட்டு வெளிய போயிடுவான், திரும்பி வரமாட்டான். பிள்ளை நடந்தே போகட்டும். தெரிஞ்ச ஆளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு.

மார்ச் 7, இரவு 10.20 | பதில்

நடந்து போறது சட்டத்துக்கும் பொருந்தும். தண்டனைச் சட்டக்கோவை 352: சட்டப்படியான பாதுகாவலரின்ர சம்மதம் இல்லாமல் 14 வயசுக்குக் கீழ்ப்பட்ட ஆண்பிள்ளையை, 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலே குற்றம். பலாத்காரம் தேவையில்லை. பிள்ளை சிரிச்சுக்கொண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு போனாலும் அதேதான். அம்மம்மா ‘சரி, கூட்டிக்கொண்டு போ’ எண்டு சொல்லியிருந்தாலும் தாய் தகப்பன் சொல்லேல்லை.

பின்குறிப்பு: அம்மம்மா சொல்லியிருந்தாலும் எண்டு எழுதேக்க ஒரு பொறி தட்டினது. பிறகு வாறன்.

மார்ச் 8, மதியம் 1.45 | கேட்டவர்

சிசிடிவி இருந்தால் கதை அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். எல்லா லேனிலயும் கமரா. என்ன செய்யிறது?

மார்ச் 8, இரவு 9.00 | பதில்

கமராவை உடைக்காதேங்கோ, வயரை வெட்டாதேங்கோ. கமரா வேலை செய்யட்டும், டிவிஆரின்ர (கமராப் படத்தைப் பதிஞ்சு வைக்கிற பெட்டி) மணிக்கூடு பிழையான நேரம் காட்டட்டும்.

டிவிஆருக்குள்ள காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கு, சிஆர்2032. அது செத்திருந்தால் கரண்ட் போய் வாற ஒவ்வொரு முறையும் நேரம் தொழிற்சாலைத் திகதிக்குப் போயிடும், அநேகமா 2000 ஜனவரி 1, நள்ளிரவு. சாதாரண நாளில பற்றரி செத்தது ஒருத்தருக்கும் தெரியாது. மின்வெட்டு தொடங்கினாப் பிறகுதான் வேலையைக் காட்டும். பொலிஸ் வந்து மார்ச் 31, 1.30க்குத் தேடும். ஒண்டும் இல்லை. ‘கரண்ட் இல்லாத நேரம்போல’ எண்டு சொல்லிப்போட்டுப் போயிடும். உண்மையில காட்சி கிடக்கு: 2000 ஜனவரி 1, 00.47. மின்வெட்டு முடிஞ்சு நாற்பத்தேழாவது நிமிசம். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு முறை வெட்டினால் ரெண்டு ‘00.47’ இருக்கும், கிழமைக்குப் பதினாலு. எது வியாழக்கிழமை? மின்சார சபையின்ர வெட்டு அட்டவணையை எடுத்து, அந்தப் பகுதி எந்த எழுத்துக்குள்ள வருது எண்டு பாத்து, நிழல் விழுற பக்கத்தையும் பாத்துத்தான் பிடிக்கலாம். அடுக்குமாடிச் செக்கியூரிட்டி ஐயாவுக்கு இந்த வேலையைக் குடுங்கோ. வெயில் எந்த நேரம் எந்தத் தூணில விழும் எண்டு அவருக்குத்தான் தெரியும்.

அவசரம் வேணுமெண்டால்: நாலு கமரா, ஒவ்வொண்டும் செக்கனுக்கு 2 மெகாபிற். ஒரு நாளைக்கு 86 ஜிபி. 1 டெராபைற் டிஸ்க் பதினொரு நாளில நிரம்பி மேலால எழுதத் தொடங்கும்.

மார்ச் 10, காலை 6.20 | பதில்

இப்ப ரகசியம். அந்தப் பொறி இதுதான்.

தாயை 1983இல பிறக்க வையுங்கோ, கதையில அவவுக்கு 38 வயசு. பிறப்புச் சான்றிதழில பிறந்த திகதி 1983 ஜூலை 15. பிறந்த இடம் ஒரு வீட்டு விலாசம், ஆஸ்பத்திரி இல்லை. பதிஞ்ச திகதி 1984 ஜூன். தகவல் குடுத்தவர் எண்ட இடத்தில அம்மம்மாவின்ர கையெழுத்து. பிறப்பை 42 நாளுக்குள்ள பதியவேணும். மூண்டு மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. வெள்ளவத்தையில, வீட்டில பிறந்து, பதினொரு மாதம் கழிச்சுப் பதிவு. வேற எந்த வருசமெண்டாலும் இது சந்தேகம். 1983 எண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். கலவரத்தில வீடு எரிஞ்சுது, இரத்மலானை முகாமில கிடந்தம், கப்பலில காங்கேசன்துறைக்குப் போனம், பிறகு எப்ப பதியிறது? ஆர் கேட்டாலும் தலையாட்டுவினம். ஒரு துன்பத்துக்குப் பின்னால இன்னொரு துன்பத்தை ஒளிச்சு வைக்கிறது.

இதைச் சான்றிதழில மட்டும் வைச்சால் அது சட்டத்தரணிக் கதை. வீட்டில எல்லாரும் நூறு தரம் கேட்ட ஒரு பகிடியிலயும் வையுங்கோ. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மம்மா சொல்லுவா: ‘கப்பலில எல்லாரும் சத்தி எடுத்தவை, இவள் வயித்துக்குள்ள இருந்து உதைச்சவள், கப்பலை இவள்தான் ஆட்டுறாள் எண்டு சிரிச்சவை.’ இதை மூண்டாம் பக்கத்தில போடுங்கோ. வாசகன் சிரிச்சிட்டுக் கடந்துபோவான்.

அகதிக் கப்பல்கள் வெளிக்கிட்டது ஜூலைக் கடைசிக்குப் பிறகு. ஜூலை 15இல பிறந்த பிள்ளை கப்பலில எப்பிடி வயித்துக்குள்ள இருக்கும்?

அம்மம்மா பொய் சொல்லேல்லை. வயித்தில ஒரு பிள்ளை இருந்தது உண்மை. அது தங்கேல்லை. சான்றிதழில கிடக்கிறது வேற பிள்ளை.

மார்ச் 10, காலை 6.48 | கேட்டவர்

அண்ணை, பஸ்ஸில இருந்து வாசிச்சனான். வெள்ளவத்தையில இறங்காமல் தெகிவளைக்குப் போயிட்டன்.

மார்ச் 10, இரவு 8.30 | பதில்

100ஆம் நம்பர் தானே, எதிர்ப்பக்கம் நிண்டு திரும்பி வாங்கோ.

உங்கட கைப்பிரதியில ஒரு பிழை. தாயின்ர அடையாள அட்டை இலக்கம் 83196 எண்டு தொடங்குது. பழைய இலக்கத்தில முதல் ரெண்டும் வருசம், சரி. அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள். பெண்ணுக்கு 500 கூட்டவேணும். அப்ப 83696.

மார்ச் 10, இரவு 11.05 | பதில்

நானும் பிழை. பெப்ரவரியை எல்லா வருசத்துக்கும் 29 நாளாத்தான் எண்ணுவினம், லீப் வருசமோ இல்லையோ. ஜூன் முடிய 182, பதினைஞ்சைக் கூட்ட 197. பெண்ணுக்கு 697. ஆகவே 83697. திருத்தின ஆளையே திருத்தவேண்டிக் கிடக்கு. இதைப் பாத்திரம் ஒண்டின்ர வாயிலயும் போடலாம்: தங்கட பிறந்தநாள் ஒரு நாள் தள்ளி வருது எண்டு பயப்பிடுற ஆக்கள் இருக்கினம், அதுக்குக் காரணம் இந்த 29தான்.

மார்ச் 12, இரவு 10.10 | பதில்

டிஎன்ஏ. நீங்கள் எழுதினது: வெள்ளிக்கிழமை எச்சில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை முடிவு. வீட்டுக்கு வாற பெட்டியை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பி முடிவு வர ஒரு மாதம், ரெண்டு மாதம் ஆகும். ஊரடங்கில கூரியரும் இல்லை. ஆகவே முடிவு கதைக்கு முந்தியே வந்திருக்கவேணும்.

ரொறன்ரோவில இருக்கிற தமையன் 2019 நத்தார் மலிவு விற்பனையில ரெண்டு பெட்டி வாங்கி, லீவில வரேக்க தங்கச்சிக்கு ஒண்டு குடுக்கிறார், பகிடிக்கு. கூடப்பிறந்தவைக்கு 2,600 சென்டிமோர்கன் (பொருந்துற டிஎன்ஏயை அளக்கிற அலகு) அளவு பொருந்தவேணும். இவைக்குப் பூச்சியம். தமையன் முடிவைத் திறந்தே பாக்கேல்லை எண்டு வையுங்கோ. தங்கச்சி பாத்தவ. அதோட நெதர்லாந்தில ஒரு பெண், 1,750. அப்ப ரெண்டு வருசமாத் தாய்க்குத் தெரியும்! அம்மம்மா மகளிட்ட மறைக்கிறா, மகள் அம்மம்மாவிட்ட மறைக்கிறா, ரெண்டு பேரும் ஒரே குசினியில தேங்காய் துருவுகினம்.

1,750இல ஒரு சுழி இருக்கு. அரைச் சகோதரிக்கும் அதே அளவு, பெரியம்மா சின்னம்மாவுக்கும் அதே, பாட்டிக்கும் அதே. எண்ணை மட்டும் பாத்து உறவைச் சொல்லேலாது. வயசும் தாய்வழி டிஎன்ஏயும் சேரவேணும். அந்தப் பெண் பிறந்தது 1985, தாய்வழி ஒண்டு. ஒரே தாய், வேற தகப்பன்.

மார்ச் 13, காலை 7.15 | கேட்டவர்

அப்ப ரெண்டு பிள்ளையையும் பெத்தவ ஒருத்தி. ஒண்டை அம்மம்மா வைச்சிருக்கிறா, மற்றதுக்கு அம்மம்மா நீதிமன்றத்தில தாயா நடிச்சவ. ஏன் நடிச்சவ?

மார்ச் 13, இரவு 9.25 | பதில்

83இல பிள்ளையைக் கொண்டுவந்து குடுத்த தரகர் 85இல திரும்பி வாறார். ‘உங்கட மகளின்ர பேப்பர் என்ர கையில.’ காசு தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும்.

தரகரின்ர பயத்தை மாத்துங்கோ. ‘சிறைக்குப் போவன்’ எண்டு நடுங்குறார். கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு இஞ்ச 20 வருசத்துக்குப் பிறகு வழக்கு வைக்கேலாது. 1985ஓட இருபதைக் கூட்டினால் 2005. ஆள் 2022இல சட்டத்துக்கு வெளிய சுகமா இருக்கிறார். ஆள் நடித்துத் தாயாக நிக்கிறது எண்டு தண்டனைச் சட்டக்கோவையில நேரடியா எழுதினதே 1995 திருத்தத்திலதான். அவருக்குப் பயம் பெயர் கெடுமெண்டு. கோயில் அறங்காவலர், பேரப்பிள்ளையின்ர கலியாணம் சித்திரையில. அந்தக் கோப்பு வெளியில வரக்கூடாது. சிறையைவிட இது கொழும்பில பெரிய பயம்.

கப்பம் என்னவெண்டு இப்ப விளங்குதோ? நெதர்லாந்துக்காரி கொண்டுவந்த நீதிமன்றக் கோப்பு.

மார்ச் 14, இரவு 8.40 | இன்னொருவர்

அப்ப தரகர்தான் வில்லன். இதையும் நாற்பதாம் பக்கத்தில சொல்லுவன்.

மார்ச் 14, இரவு 11.30 | பதில்

சொல்லுங்கோ. கோப்பைக் கேட்டுக் கோல் எடுத்தது தரகர். ஆனா பிள்ளை அவரிட்ட இல்லை. பிள்ளை காணாமல் போன செய்தி கேட்டவுடன அவர் சந்தர்ப்பத்தைப் பாவிச்சவர், அவ்வளவுதான். ‘பிள்ளையின்ர குரலைக் கேக்கவேணும்’ எண்டால் எப்பவும் ஒரு சாட்டுச் சொல்லுவார். அதை மூண்டு முறை வையுங்கோ, கூடினால் சந்தேகம் வரும்.

மார்ச் 16, காலை 5.50 | பதில்

பிள்ளை எங்க? உங்கட பிரதியில மட்டக்களப்பில ஒரு பாழடைஞ்ச பங்களா. 300 கிலோமீற்றருக்கு மேல, டீசல் இல்லாத கிழமையில. கொழும்பு வடக்கில, மட்டக்குளிக்குள்ள ஒரு வாடகை அறை போதும். 155 பஸ் ஒண்டு. ஊரடங்கு வந்தாப் பிறகு அந்த ஏழெட்டு மைலும் கடல் கடந்த தூரம் மாதிரி.

ஞாயிறு மதியம், விபிஎன் வேலை செய்யத் தொடங்கினாப் பிறகு, வேற ஒரு இலக்கத்திலயிருந்து பதினொரு செக்கன் குரல் செய்தி. பிள்ளைதான். ‘அம்மா, நான் சாப்பிட்டன். பெத்தா சோறு தீத்தினவ. பெத்தா சொன்னவ பயப்பிட வேண்டாமாம்.’

தகப்பன் யாழ்ப்பாணத்து ஆள். அவருக்குக் கேக்கிறது ‘பெத்தா’, அதாவது ஆரோ எதையோ பெத்தா. பிள்ளை மயக்கத்தில உளறுது எண்டு நினைக்கிறார். பொலிஸ் மொழிபெயர்ப்பாளரும் ‘பெற்றாள்’ எண்டு எழுதுறார். அம்மம்மா மட்டும் சுவரைப் பிடிச்சுக்கொண்டு இருந்திடுறா. மட்டக்களப்புப் பக்கம் பாட்டியை அப்பிடித்தான் கூப்பிடுறது. 83இல அவையின்ர வீட்டில வேலைக்கு நிண்ட பெண் மட்டக்களப்பு. அந்தப் பிள்ளைக்கு அவ உண்மையாவே பெத்தா.

அவவுக்கு ஸ்கூல் வாசலைக் காட்டினது ஆர் எண்டதை நீங்கள் முடிவெடுங்கோ. என்ர தெரிவு அம்மம்மா. ஒரு பின்னேரம் மட்டும், பாத்திட்டு அனுப்பிவிடு எண்டு. பிறகு ஊரடங்கு விழுந்துது.

மார்ச் 16, இரவு 9.15 | கேட்டவர்

தலைப்பு ‘பெத்தா’ எண்டு வைக்கட்டே?

மார்ச் 16, இரவு 9.18 | பதில்

தம்பி, மட்டக்களப்பில ஒருத்தரும் புத்தகம் வாங்கமாட்டினம் எண்டு நினைச்சீங்களோ? அட்டையிலயே ஆளைப் பிடிச்சிடுவினம். மூண்டாம் பக்கத்துக் கப்பல் பகிடியிலயிருந்து ஒரு சொல்லை எடுங்கோ. அடையாள அட்டை இலக்கத்தை 83697 எண்டு மாத்தினீங்களோ?

மார்ச் 17, காலை 6.40 | கேட்டவர்

மாத்தினன். தகப்பன்ர இலக்கத்திலயும் 500 கூட்டியிருந்தனான், அதையும் கழிச்சிட்டன்.